உயிர் பிழைத்தவர் காருக்காக அழலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் ஏற்காடு நாகலூரில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டு, மனைவியுடனும் ஒன்பது வயது மகனுடனும் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். தூறல். ஒரு கொண்டை ஊசி வளைவில், ஏறிவந்த வேன் இன்னொரு வண்டியை முந்திக்கொண்டு எங்கள் பக்கத்துக்கே வந்து மோதியது. கார் சுழன்று தடுப்புச் சுவரில் இடித்துச் சாய்ந்தது. மனைவிக்குக் காறை எலும்பு முறிவு, எனக்குத் தலையில் தையல், பையனுக்குச் சிராய்ப்பு.

கார், 1996-இல் அப்பா வாங்கிய மாருதி 800. அவர் இறந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது அதில்தான். மகன் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதில்தான். இப்போது கோரிமேட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நசுங்கிக் கிடக்கிறது. சரிசெய்ய முடியாது, இடத்தைக் காலி செய்யுங்கள் என்று மெக்கானிக் போன் செய்துகொண்டே இருக்கிறார். நான் போய்ப் பார்க்கவே இல்லை. அப்பா எழுதிய பெட்ரோல் கணக்கு நோட்டு டாஷ்போர்டில் இருக்கிறது. விபத்தான வண்டியின் ஆணிகூட வீட்டுக்குள் வரக் கூடாது என்கிறார் அம்மா. ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்கிறார்கள் எல்லோரும். எனக்கோ காரை நினைத்தால் அழுகை வருகிறது. மனைவி எலும்பு முறிந்து இருக்கும்போது தகரத்துக்கு அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

இரவு இரண்டு மணிக்கு மோதும் சத்தம் கேட்டு விழிக்கிறேன். மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய தூக்க மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்கிறேன். தலைவலியும் இருக்கிறது. காரில் ஏறுவதில்லை. அஸ்தம்பட்டியைத் தாண்டி அந்தச் சாலைப் பக்கம் போவதில்லை. மனைவியையும் அவள் அம்மாவைப் பார்க்க அனுப்பவில்லை. போலீஸ், கேஸ் சம்பந்தமான காகிதங்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மகன் பொம்மைக் கார்களை மோதவிட்டு மோதவிட்டு விளையாடுகிறான். பழைய வண்டியை மலைக்குக் கொண்டுபோனது என் தப்பா? காரைப் போய்ப் பார்க்க வேண்டுமா, பார்க்காமலே கொடுத்துவிடலாமா? புது கார் புக் செய்துவிடலாம் என்று மச்சான் அவசரப்படுத்துகிறார்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: வணக்கம். காரைப் பார்ப்பதா வேண்டாமா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதற்குத்தான் நாள் குறைவாக இருக்கிறது. போய்ப் பாருங்கள். அடுத்தவர் கைக்குப் போவதற்கு முன், பகல் வெளிச்சத்தில், ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

உங்களுக்குள் இப்போது துக்கமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் ஒரே வளைவில் வந்து சேர்ந்ததால் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். துக்கத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். பயத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. மூன்று மாதமாக நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். அழுகையை அடக்குகிறீர்கள், பயம் போகாதே என்றால் போவதில்லை, பார்க்காதே என்றால் பார்ப்பதில்லை.

தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். நீங்கள் மூவரும் உயிரோடு நிற்பதுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் தலைப்பாகையை இழந்தவனுக்குத்தான் அது யார் கட்டிவிட்ட தலைப்பாகை என்று தெரியும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை உங்கள் அப்பா அந்தக் காரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்திருப்பார், மாலை போட்டிருப்பார், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியிருப்பார். கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பொட்டு வைத்த ஒன்றை ஒரே நாளில் தகரம் என்று நினைக்கச் சொன்னால் எந்த மனமும் ஒப்பாது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014-இன் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. பணம் இருந்தாலும் புதிதாக ஒன்று வாங்க முடியாது. வாங்கினாலும் அதன் ஸ்டியரிங்கில் அப்பாவின் கை பட்டிருக்காது.

இதை நான் வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தகப்பன் இறந்த நாட்களில் மூத்த மகன்கள் பலருக்கு அழ நேரம் கிடைப்பதில்லை. காரியம், கணக்கு வழக்கு, பட்டறைப் பொறுப்பு, அம்மாவின் உடம்பு என்று ஓடிவிடுவார்கள். உங்களுக்கு எப்படியோ எனக்குத் தெரியாது. ஆனால் அவர் போன பிறகும் அந்தக் கார் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அவர் இருந்த வீட்டின் ஒரு பகுதி உங்களுக்குத் திறந்திருக்கும். இப்போது அதுவும் மூடிவிட்டது. நீங்கள் அழுவது காருக்கு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மனைவியின் காயத்தைவிடக் கார் பெரிதாகிவிட்டதோ என்று உங்களை நீங்களே குத்திக்கொள்ளாதீர்கள். அவருடைய எலும்பு கூடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். ஆறுவதற்கு வழியே இல்லாத ஒன்றை நினைக்கும்போதுதான் கண்ணீர் வருகிறது.

எப்படிப் போவது என்றும் சொல்கிறேன். முன்கூட்டியே மெக்கானிக்குப் போன் செய்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கிவைக்கச் சொல்லுங்கள். சீட்டில் இரத்தக் கறை இருந்தால் மேலே ஒரு துணி போட்டுவைக்கச் சொல்லுங்கள். இடப்பக்கக் கதவும் டாஷ்போர்டு அறையும் நசுங்கி மாட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் வருவதற்குள் நெம்பித் திறந்துவைக்கச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் கடப்பாரை போட வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அவசரப்படுத்தாத ஒரு நண்பரைக் கூட்டிப்போங்கள். இந்த ஒரு வேலைக்கு மச்சான் வேண்டாம். முதலில் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், பிறகு ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை சில்லிடும். அப்போது திரும்பி ஓடாதீர்கள். நின்றால் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். தணிந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். நோட்டை எடுங்கள். ஆர்.சி., பழைய ரசீது எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டில் சாமி சிலை இருந்தால் அதையும் எடுங்கள். கியர் லீவரின் தலையில் இருக்கும் குமிழைக் கழற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த நாட்களில் உங்கள் கைமேல் அவர் கை இருந்த இடம் அது. அழுகை வந்தால் அங்கேயே அழுங்கள். ஒர்க்‌ஷாப்காரர்கள் இதைப் பார்க்காதவர்கள் அல்லர்.

அம்மாவோடு வாதாட வேண்டாம். அவருடைய கணவர் ஓட்டிய வண்டியில் அவருடைய மகன், மருமகள், பேரன் மூவரின் உயிரும் போகவிருந்தது. அந்தக் கடுமைக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கியர் குமிழ் பட்டறையில் இருக்கட்டும். நோட்டை மட்டும் அவரிடம் கொண்டுபோய், ‘இது அப்பா எழுதியது, என்ன செய்யட்டும்?’ என்று கேளுங்கள். தேதி, மீட்டர், லிட்டர், ரூபாய் என்று பத்தி பிரித்து எழுதும் பழக்கம் அந்தத் தலைமுறையில் பலருக்கு இருந்தது. கணவர் கையெழுத்தில் அப்படி ஒரு பக்கத்தைப் பார்த்தால் அவரே வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும்.

இனி பயம். அதற்கு முன் தலையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லாவற்றையும் மனத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தலையில் அடிபட்டவருக்கு வாரக் கணக்கில் தலைவலி, எரிச்சல், மறதி, தூக்கக் கேடு இருக்கலாம். அரிதாக, மூளையைச் சுற்றி மெதுவாகக் கசியும் இரத்தம் வாரங்கள் கழித்தும் தொல்லை கொடுக்கும். அன்றைக்கு எடுத்த ஸ்கேன் நன்றாக இருந்தது என்பது இன்றைக்கு ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்க்காமலிருக்கக் காரணம் ஆகாது. தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தி வந்தாலோ, ஒரு கை அல்லது கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, வழக்கமில்லாத உறக்கக் கலக்கம் இருந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தூக்க மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. அது பென்சோடயசபின் என்ற, பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் மருந்து வகையாக இருந்தால், அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத் தொல்லைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. தூக்கம் வருவதுபோலத் தெரியும், உள்ளே இருப்பது ஆறாது, பழக்கமும் பிடித்துக்கொள்ளும். அதற்காக இன்றிரவே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். நாள்பட்டுப் போட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரை அட்டையோடு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

விபத்துக்குப் பிறகு முதல் சில வாரங்கள் கெட்ட கனவு, திடுக்கிடுதல், அந்தச் சாலையை நினைத்தாலே உடல் நடுங்குதல் எல்லாம் பெரும்பாலோருக்கு வருவதுதான். பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்து, அன்றாட வாழ்க்கையையும் முடக்கினால் பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. கடிதத்தைப் படித்துவிட்டு நான் நோய்ப் பெயர் சூட்ட மாட்டேன். நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் இது நன்றாகக் குணமாகக்கூடிய தொல்லை. அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவுகளைத் துணையாகக் கொண்டு நினைவை ஆற்றும் இ.எம்.டி.ஆர். ஆகிய இரண்டும் சோதித்துப் பார்க்கப்பட்ட முறைகள். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. நம் ஊரில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும் என்றிருந்தால் 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம்; இலவசம்.

அந்த இரண்டு மணிச் சத்தம் ஏன் வருகிறது? பேராபத்து நேரத்தில் மூளையின் அமிக்டலா என்ற பகுதி எச்சரிக்கையைப் பொறித்து வைத்துக்கொள்கிறது. சத்தம், பிரேக் கருகிய நாற்றம், ஈரச் சாலையின் மினுமினுப்பு எல்லாம் அதில் சேர்ந்துவிடுகின்றன. மற்ற நினைவுகள்போல ‘அன்றைக்கு நடந்தது’ என்று தேதியோடு அடங்காமல், இப்போது நடப்பதுபோல வந்து நிற்கின்றன. அந்தச் சாலை இன்று உங்களைக் கொல்லப்போவதில்லை என்பதை அறிவு அறியும், உடம்பு அறியாது. உடம்புக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, கூட்டிப்போய்த்தான் காட்ட வேண்டும். ஒதுங்குவது கந்துவட்டி மாதிரி. இன்றைக்கு நிம்மதி கைக்குக் கிடைக்கும், நாளைக்கு இரண்டு பங்காகக் கேட்கும். முதலில் அந்த வளைவு, பிறகு மலை, பிறகு அஸ்தம்பட்டிக்கு அப்பால் முழுச் சாலை, பிறகு கார் என்ற பொருளே. இப்போது காகிதக் கட்டும் அதில் சேர்ந்துவிட்டது.

திரும்பி வரும் வழியும் அப்படிப் படிப்படியாகத்தான். மச்சானின் காரை வாசலில் நிறுத்தி, எஞ்சின் போடாமல், முன்சீட்டில் பெல்ட் மாட்டி உட்காருங்கள். பயம் பத்துக்கு எவ்வளவு என்று மனத்துக்குள் எண் கொடுங்கள். அது பாதியாகக் குறையும்வரை இறங்காதீர்கள். உச்சத்தில் இறங்கினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு எழுதிக்கொள்ளும். அதையே அலுத்துப்போகும்வரை செய்யுங்கள். பிறகு அவர் ஓட்ட, அஸ்தம்பட்டிவரை. பிறகு கோரிமேடு, உங்கள் கார் அங்கேதான் இருக்கிறது என்பதால் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதே ஒரு படி ஆகிவிடுகிறது. பிறகு அடிவாரம்வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். மலையில் ஏறுவதை ஒரு சிகிச்சையாளரின் துணையோடு திட்டமிடுங்கள். இருபது வளைவுகளையும் வேறொருவர் ஓட்ட, கண்ணைத் திறந்துகொண்டு ஏறுங்கள். ஏரிக்கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்குங்கள். உங்களுக்கு உண்மையான தேர்வு இறக்கத்தில்தான். சாலை காய்ந்திருக்கும் ஒரு வேலை நாளின் காலையாக இருக்கட்டும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம். நீங்களே ஓட்டி, இரண்டாவது கியரில், பிரேக்கை மிதித்துக்கொண்டே இராமல் இறங்கும் நாள் அதற்கெல்லாம் பிறகுதான். தேதி குறிக்க வேண்டாம்.

ஏற்காட்டுக்கு இன்னொரு சாலையான குப்பனூர் வழி இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். மனைவி அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றால் இந்த வாரமே அந்த வழியில் நம்பகமான டிரைவரோடு அனுப்புங்கள், நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பயத்துக்காக, எலும்பு முறிந்த ஒரு பெண்ணை மூன்று மாதமாக அவருடைய தாயிடமிருந்து தள்ளி வைத்திருக்கிறீர்கள். பாதுகாக்க நினைத்துத்தான் செய்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் நீண்ட கடிதத்தில் அவர் இரவில் தூங்குகிறாரா என்று ஒரு வரிகூட இல்லை. அவரும் அந்தக் காரில் இருந்தார். இன்றைக்குக் கேளுங்கள். உங்களுக்கு மாற்று வழி சிகிச்சை ஆகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். குப்பனூர் வழியாகவே போய்வந்துகொண்டிருந்தால் அந்த வளைவு உங்களுக்குள் அப்படியேதான் இருக்கும்.

பையன் காரை மோதவிட்டு விளையாடுவதைத் தடுக்காதீர்கள். பெரியவர்கள் சொல்லிச் சொல்லி ஆற்றுவதைக் குழந்தைகள் விளையாடி விளையாடி ஆற்றுகிறார்கள். ஆனால் விளையாட்டு மோதலோடு நின்று, திரும்பத் திரும்ப அதே இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் அதை நகர்த்திவிட ஒரு பெரியவர் வேண்டும். தரையில் அவனோடு உட்காருங்கள். அவன் மோதட்டும். ‘இப்போது யார் வந்தார்கள்?’ என்று கேளுங்கள். 108 வரட்டும், கதவைத் திறக்கட்டும், அம்மாவைத் தூக்கிப் படுக்கவைக்கட்டும், தையல் போடட்டும், எல்லோரும் வீட்டுக்கு வந்து சாப்பிடட்டும். நடந்த கதை முடிந்த இடம்வரை அவன் போக வேண்டும். ‘அப்பாவும் பயந்துபோனேன்’ என்று அவனிடம் சொல்லலாம். அவன் பயத்துக்கு அது துணை. இன்னும் சில வாரங்களில் விளையாட்டு மாறவில்லை என்றாலோ, படுக்கையில் சிறுநீர் கழித்தல், பள்ளிக்குப் போக மறுத்தல், தனியாகத் தூங்க மறுத்தல் என்று ஏதாவது தொடங்கினாலோ அவனையும் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைகள் சீக்கிரம் தேறுகிறார்கள்.

உங்கள் தப்பா என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியபடி, வளைவில் முந்தி உங்கள் பக்கத்துக்கு வந்தது வேன். நடந்து முடிந்ததை அறிந்த மனம், அந்த நொடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு ‘உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா’ என்று கேட்கும். அந்த நொடியில் உங்களுக்குத் தெரிந்தது வளைவும் தூறலும் மட்டும்தான். ஆனால் உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக ஒன்றை மறைக்கவும் மாட்டேன்: 1996-இல் வந்த 800-இல் ஏர்பேக் கிடையாது, மோதலை வாங்கிக்கொள்ளும் கட்டமைப்பும் இன்றைய வண்டிகள் அளவுக்குக் கிடையாது. அடுத்த வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பயன்பட வேண்டிய செய்தி அது. தீர்ப்பு அல்ல.

காகிதங்களைத் தள்ளிப்போடாதீர்கள். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும், பாதி போய்விட்டது. கட்டை நீங்கள் பிரிக்க வேண்டியதில்லை, அப்படியே ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவரைக் கேட்காமல் வண்டியை எந்தக் கடைக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதுவரை இடத்துக்கு வாடகை தருகிறேன் என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கொடுக்கும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு அதைச் சொந்தக்காரரின் பொறுப்பாக வைத்திருக்கிறது. செய்யாவிட்டால் நம்பர் உங்கள் பெயரிலேயே நிற்கும்.

புது கார் இப்போது வேண்டாம். வாசலில் ஒரு புது வண்டி வந்து நின்றால் அப்பாவின் காரைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்துவிட்டதாக வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் மட்டும் அந்தப் புது வண்டியில் ஏற முடியாமல் நிற்பீர்கள், அதற்கும் ஒரு வெட்கம் சேரும். மேலே சொன்ன படிகளில் அடிவாரம்வரை போய்வர முடிந்த பிறகு பார்க்கலாம். உதவ வேண்டும் என்று உங்கள் மச்சான் துடிக்கிறார், அந்தத் துடிப்பை வீணாக்க வேண்டாம். புக்கிங் பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் அவருடைய காரை உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்ட வேண்டாம், பேசவும் வேண்டாம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.